எதைக் கேட்டாலும் ஒரே ஊர்

மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஆசிரமம் இருந்தது. அதை நடத்திவந்தவர் வடிவம்மை. அவருக்கு வயது நாற்பத்தைந்துக்குள்தான் இருக்கும். ஆனாலும் ஊர் முழுக்க அவரை அம்மை என்றே அழைத்தது.

அவருடைய சீடர்களில் பாதிப்பேர் அவரைவிட மூத்தவர்கள். அவர்களை அவர் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். குரு இப்படிக் கூப்பிடலாமா என்று ஒருவர் கேட்டதற்கு, "அப்படிக் கூப்பிட்டாத்தானே நான் சொன்னபடி அவங்க கேக்காங்க" என்றார்.

ஒருநாள் காலையில் அம்மை தொழுவத்து வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கன்றுக்குட்டிக்கு உண்ணி எடுத்துக்கொண்டிருந்தார். குற்றாலலிங்கம் வந்து முன்னால் நின்றார். தோளில் ரெக்சின் பை தொங்கியது.

குற்றாலலிங்கம் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆசிரமத்து அலுவலகத்தைப் பார்த்துக்கொள்வது அவர்தான். அன்னதானத்துக்கு எழுதுகிறவர்கள், வெளியூரிலிருந்து வருகிறவர்கள், எல்லா விவரமும் அங்கிருந்த ஒரே கம்ப்யூட்டரில் இருந்தது.

"அம்மை, நான் கிளம்புதேன்."

"எங்க?"

"எங்கயாச்சும். அந்தக் கோமதிநாயகம் இருக்கிற இடத்தில இனி நான் இருக்க முடியாது. ஒண்ணு அவரு போகணும், இல்ல நான் போகணும். நீங்களே ஒரு வார்த்தை சொல்லிருங்க."

கோமதிநாயகம் ஆசிரமத்துச் சமையல்காரர். அதற்கு முன்பு தென்காசியில் மெஸ் வைத்திருந்தவர். குற்றாலலிங்கம் வந்த முதல் வாரத்திலேயே ரசத்தில் உப்பு கூட என்று பந்தியில் சொன்னார். "டிக்கெட் கிழிச்ச கைக்கு உப்பு தெரியுமோ?" என்று கோமதிநாயகம் கேட்டார். பந்தி சிரித்தது. அவ்வளவுதான் நடந்தது. அது நடந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது.

அம்மை கையை நீட்டினார்.

"பையைக் குடுங்க."

"எதுக்கு அம்மை?"

"நிக்கிறவங்க பையை உக்காந்திருக்கவங்க வாங்கி வச்சுக்கிடணும்லா? உங்க பஸ்ஸில அப்படித்தானே?"

குற்றாலலிங்கத்தால் மறுக்க முடியவில்லை. அம்மை பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"இப்போ சொல்லுங்க. என்ன செஞ்சாரு?"

"ஆபீஸ் கம்ப்யூட்டரைக் கெடுத்துட்டாரு. நேத்து சங்கரன்கோவில்ல இருந்து ஒரு குடும்பம் வந்துச்சு. செத்துப்போன மகளுக்காக அன்னதானம் எழுத வந்தாங்க. நம்ம ஆசிரமத்துப் பக்கத்தைக் காட்டலாம்னு தேடினா, திரையில ஒரு பொம்பளை சீட்டுக்கட்டோட வந்து நிக்கா. ரம்மி ஆட வாங்கன்னு கூப்பிடுதா. அந்தத் தாய் எந்திரிச்சு வெளிய போயிட்டா. எனக்கு உசிரே போயிட்டு."

அம்மையின் முகம் மாறியது. "அப்புறம்?"

"பின்னால போய்ச் சமாதானம் சொல்லி எழுதி வாங்கினேன். அதை விடுங்க. வெள்ளிக்கிழமை அந்த நாற்காலியில உக்காந்திருந்தது யாரு? பேத்தி பரீட்சை ரிசல்ட் பாக்கணும்னு வந்தாருல்லா? அன்னைக்குத்தான் எதையோ அமுக்கியிருக்காரு."

"வாங்க, பாப்போம்."

அம்மை பையோடு எழுந்து நடந்தார். குற்றாலலிங்கம் ஒரு காலை இழுத்துக்கொண்டு பின்னால் போனார்.

"முழங்கால் எப்படி இருக்கு அண்ணாச்சி?"

"அதை ஏன் கேக்கீங்க. காலையில எல்லாருக்கும் இட்லி. எனக்கு மட்டும் முடக்கத்தான் தோசை. கசக்குது. வேணும்னே செய்யாரு."

"மக போன் பண்ணாளா?"

"பண்ணா. ஒண்ணும் கேக்கலை. அந்தாளு அடுக்களையில பாத்திரத்தைப் போட்டு அந்த உருட்டு உருட்டுதாரு."

"கன்னுக்குட்டி இப்போ நல்லா துள்ளுது, பாத்தீங்களா?"

"துள்ளாம என்ன செய்யும்? அவரு சுடுத தோசையை எல்லாம் அதுக்குத்தானே போடுதேன்."

அலுவலகம் வந்துவிட்டது.

குற்றாலலிங்கம் கம்ப்யூட்டரைத் திறந்தார். அம்மைக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு, சின்னப் பிள்ளை மாதிரி எட்டிப் பார்த்தார்.

"மழை எப்போ வரும்னு கேளுங்க."

அவர் தட்டினார். வெள்ளைப் பக்கம் ஒரு கணம் வந்து மறைந்தது. சீட்டுக்கட்டோடு அந்தப் பெண் வந்து நின்றாள்.

"பூசணிக்காய் என்ன விலைன்னு கேளுங்க."

அதே பெண்.

"திருவாசகம்னு கேளுங்க."

அதே பெண். இந்தத் தடவை கூடவே உடம்பு இளைக்க ஒரு பொடியும் வந்தது.

அம்மை வாய்விட்டுச் சிரித்தார்.

"சிரிக்கீங்களே அம்மை. மதுரைன்னு போர்டு மாட்டிட்டு ஒரே ஊருக்கு ஓட்டுத வண்டி மாதிரி இருக்கு. எதைக் கேட்டாலும் அங்கதான் போகுது."

"ஆமா. எதைக் கேட்டாலும் ஒரே இடத்துக்குத்தான் போகுது" என்றார் அம்மை. "இதுக்கு வைத்தியம் என்ன?"

பக்கத்து ஊரான அம்பையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்த ஜெபாவிடம் குற்றாலலிங்கம் நேற்றே போனில் கேட்டிருந்தார். பிரவுசரோடு ஒட்டவைக்கிற சின்னச் சின்னச் சாமான்கள் உண்டு, எக்ஸ்டென்ஷன் என்று பெயர், அதில் ஏதோ ஒன்றுதான் வண்டியைத் திருப்புகிறது என்று ஜெபா சொல்லியிருந்தாள். மூலையில் இருக்கும் மூன்று புள்ளிகளை அமுக்கி உள்ளே போனால் எல்லாம் வரிசையாக இருக்கும்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன். சந்தேகமா இருந்த ரெண்டைத் தூக்கி எறிஞ்சேன். ஒண்ணு விளம்பரத்தை மறைக்கிறதாம். அது கோமதிநாயகம் பேத்திகிட்டக் கேட்டு, ஆள்விட்டுப் போடச் சொன்னது. அதான் முதல்ல தூக்கினேன். இன்னொண்ணு தமிழ்ல தட்டுததுக்கு."

"அதைத் தூக்கினப்புறம் தமிழ்ல எப்படித் தட்டுதீங்க?"

"முடியலை. இங்கிலீஷ் எழுத்தில தட்டுதேன்."

"ரம்மிக்காரி போயிட்டாளா?"

"போகலை."

அம்மை திரையைப் பார்த்தார். இன்னும் இரண்டு மிச்சம் இருந்தன. ஒன்று, கண் மங்கியவர்களுக்குப் பக்கத்தை வாசித்துக் காட்டுவது. இன்னொன்றின் மேல் ஒரு குத்துவிளக்குப் படம் போட்டிருந்தது.

"இது என்ன?"

"இதுவா, நல்ல நேரம். பிரவுசரைத் திறந்த உடனே அன்னைக்கு ராகுகாலம், எமகண்டம், நல்ல நேரம் எல்லாம் காட்டும். இலவசம். ரொம்ப நல்ல சாமான் அம்மை."

"இதைத் தூக்கிப் பாக்கலையா?"

"இதை எதுக்குத் தூக்கணும்? இது நான் போட்டதுல்லா."

அம்மை மடியில் இருந்த பையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

"எப்போ போட்டீங்க?"

"போன பௌர்ணமிக்கு முந்தி. பூசைக்கு நேரம் பாக்க."

"ரம்மிக்காரி எப்போ வந்தா?"

"பௌர்ணமி கழிச்சு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

"தூக்க வேண்டாம். சும்மா ஒரு நிமிஷம் நிறுத்தி வைங்களேன். நிறுத்த முடியுமா?"

முடியும். பக்கத்திலேயே ஒரு சின்னப் பொத்தான் இருந்தது. அவர் அதைத் தள்ளினார். நிறம் வெளிறியது. மறுபடி மழையைக் கேட்டார்.

மழை வந்தது. நாளை மறுநாள் மலைப்பகுதியில் சாரல் இருக்கும் என்று மேகப் படத்தோடு வந்தது.

"தற்செயலா இருக்கும்" என்றார் குற்றாலலிங்கம்.

"திருப்பிப் போட்டுப் பாருங்க."

போட்டார். சீட்டுக்கட்டோடு அவள் வந்தாள். நிறுத்தினார். போய்விட்டாள். மறுபடி போட்டார். வந்தாள்.

குற்றாலலிங்கத்தின் காது மடல் சிவந்தது.

"அண்ணாச்சி, இதை உள்ள போடும்போது அது உங்ககிட்ட ஒண்ணும் கேக்கலையா?"

"கேட்டுச்சு. ஒரு கட்டம் வந்துச்சு. சேர்க்கவான்னு."

"அதில என்ன எழுதியிருந்துச்சு?"

"வாசிக்கலை அம்மை. நல்ல நேரம்னு பேரு போட்டிருந்துச்சு. சரின்னு அமுக்கிட்டேன்."

"இப்போ வாசிக்க முடியுமா?"

அவர் அதன் விவரப் பக்கத்தைத் திறந்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, நிறுத்தத்தின் பெயரைச் சொல்லும் குரலில் வாசித்தார்.

"நீங்கள் பார்க்கும் எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் தகவல்கள் அனைத்தையும் இது படிக்கலாம், மாற்றலாம்."

"படிக்கலாம், சரி. மாற்றலாம்னா?"

"பக்கத்தில என்ன இருந்தாலும் சரி, என் கண்ணுல படுததுக்கு முந்தியே அது மாத்திரும்."

"உங்களுக்குத் தெரியாமயா?"

"தெரியாமத்தான்."

"அப்போ நீங்க பாக்கிறதில எது உள்ளது, எது அது மாத்தி வச்சதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

குற்றாலலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார்.

"கண்டுபிடிக்க முடியாது அம்மை."

நல்ல நேரத்தை அவரே நீக்கினார். விளக்குப் படம் மறைந்தது. தமிழில் தட்டுகிறதையும் விளம்பரம் மறைக்கிறதையும் திரும்பக் கொண்டுவந்து வைத்தார். ஆனால் எழுந்திருக்கும்போது, "இருந்தாலும் அவரு மோசமான ஆளுதான்" என்றார்.

"பை எங்கிட்டயே இருக்கட்டும்" என்றார் அம்மை.

மறுநாள் காலையில் குற்றாலலிங்கம் தொழுவத்துக்கு ஏறக்குறைய ஓடிவந்தார். கால்வலி இருந்த மாதிரியே தெரியவில்லை. மனதில் ஒன்றைப் பல வருஷமாக வைத்துக் காப்பாற்றி வருகிறவனுக்கு, தான் நினைத்ததுதான் சரி என்று ஒரு சாட்சி கிடைத்துவிட்டால் அதைவிடப் பெரிய விருந்து கிடையாது.

"பையைக் குடுங்க அம்மை."

"இறங்குற இடம் வந்துட்டா?"

"வந்துட்டு. விளக்குப் படம் திரும்ப வந்துட்டு. ரம்மிக்காரியும் வந்துட்டா. நான் எடுத்ததை நேத்து உங்க கண்ணால நீங்களும் பாத்தீங்க. ராத்திரி யாரு வந்து திரும்பப் போட்டது? சாவி இருக்கிற இடம் அடுக்களைக்காரருக்குத் தெரியும். இப்போ என்ன சொல்லுதீங்க?"

அம்மை கன்றுக்குட்டியின் காதை மடக்கி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து வெளியில இருந்த உண்ணியை எல்லாம் எடுத்தேன். இன்னைக்குத் திரும்பவும் இருக்கு. காதுக்குள்ள இருந்திருக்கு" என்றார். பிறகு, "அந்தப் பொண்ணு ஜெபாகிட்டக் கேளுங்க. நானும் கேக்கும்படியா போனை வைங்க" என்றார்.

ஜெபா எடுத்தாள். விஷயத்தைக் கேட்டாள்.

"ஐயா, ராத்திரி யாரும் வந்திருக்க வேண்டாம். வேற ஏதாவது கம்ப்யூட்டர்ல இதே ஆசிரமத்து அக்கவுண்ட்டைத் திறந்து வச்சிருக்கீங்களா? ஒண்ணுல இருக்கிறது இன்னொண்ணுக்குத் தானாப் போகும். அங்க இருந்தா நீங்க இங்க எடுக்க எடுக்கத் திரும்ப வந்துக்கிட்டே இருக்கும்."

"நம்மகிட்ட ஒரு கம்ப்யூட்டர்தான்மா" என்றார் அம்மை.

குற்றாலலிங்கம் கன்றுக்குட்டியைப் பார்த்தார்.

"அண்ணாச்சி?"

"அடுக்களையில ஒரு பழைய லேப்டாப் கெடக்கு. பாட்டுக் கேக்க யாரோ குடுத்தது."

"அதில ஆசிரமத்து அக்கவுண்ட்டை யார் திறந்தது?" என்றார் அம்மை.

ஜெபா மறுமுனையில் காத்திருந்தாள். பிறகு, நாகரிகமான பெண் என்பதால், "சரிங்க ஐயா, அங்கயும் எடுத்துருங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

"நான்தான் திறந்தேன் அம்மை."

"எதுக்கு?"

"அவரு அதில என்ன தேடுதாருன்னு பாக்க. ஒரே அக்கவுண்ட்டா இருந்தா இங்க இருந்தே தெரியும். ஏதாவது கெட்டது பாத்தாருன்னா உங்ககிட்டச் சொல்லலாம்னு."

"என்ன தேடினாரு?"

"அதை விடுங்க."

"நீங்கதான் வாசிச்சீங்களே. சொல்லுங்க."

குற்றாலலிங்கம் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"முழங்கால் வலிக்கு என்ன சாப்பாடுன்னு தேடியிருந்தாரு. ரொம்ப வருஷம் நின்னுக்கிட்டே வேலை பாத்தவங்களுக்குக் கால் ஏன் வீங்குதுன்னு. முடக்கத்தான் கசப்பு தெரியாம இருக்க என்ன சேக்கணும்னு."

"அதை வாசிச்சப்போ என்ன நெனச்சீங்க?"

"என் நடையைக் கிண்டல் பண்ண விவரம் சேக்காருன்னு நெனச்சேன்."

அம்மை அவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அதனால்தான் அவருக்கு அது தாங்கவில்லை.

"போய் அங்கயும் எடுத்துட்டு வாங்க" என்றார் அம்மை.

நான்கு வருஷத்தில் குற்றாலலிங்கம் அடுக்களை வாசலை ஆள் இருக்கும்போது மிதித்ததில்லை. கோமதிநாயகம் தோசைக்கல்லின் முன் நின்றிருந்தார். திரும்பிப் பார்த்தார்.

"வாரும் வே. என்ன, வழி தப்பிட்டா?"

"அந்த லேப்டாப்பை எடும்."

"எதுக்கு?"

"அதில ஒரு சனியன் இருக்கு. எடுக்கணும்."

அது அரிசிப் பானைமேல் இருந்தது. குற்றாலலிங்கம் திறந்தார். குத்துவிளக்குப் படமும் அன்றைய நல்ல நேரமும் வந்தன. மூன்று புள்ளிகளை அமுக்கி உள்ளே போனார்.

"ஏன் வே, அதையா எடுக்கீரு?" கோமதிநாயகம் தோசைத் திருப்பியோடு ஓடிவந்தார். "நல்லால்லா இருந்துச்சு! தினமும் அதைப் பாத்துத்தானே உலை வைக்கேன்."

"அதுகூட ஒரு ரம்மிக்காரி வரலையா?"

"வருவா. நீ போம்மான்னு சொல்லிட்டு மூடிருவேன். பொறுத்துக்கிட்டேன்."

"எதுக்குவே பொறுத்துக்கிட்டீரு?"

"ஒரு நாள் திறந்தேன், இது இருந்துச்சு. நம்ம இடத்தில கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளு நீரு ஒருத்தருதான். வாயால பேச மாட்டீரு, சரி, கையால ஒண்ணு செஞ்சு குடுத்திருக்கீருன்னு நெனச்சேன். குடுத்ததைத் தூக்கிப் போட்டா நல்லாருக்குமா?"

குற்றாலலிங்கத்தின் விரல் நீக்கு என்ற பொத்தானின் மேலேயே நின்றது.

"நான் அன்னைக்கு அதுக்கு வரலை" என்றார். "நீரு என்ன பாக்கீருன்னு வேவு பாக்கத்தான் வந்தேன். இது என் பின்னாலயே வந்துட்டு."

கோமதிநாயகம் தோசைத் திருப்பியை இறக்கினார். கல்லில் தோசை தீய்ந்தது.

"என்ன பாத்தேன் நான்?"

"என் முழங்காலை."

கோமதிநாயகம் தீய்ந்த தோசையைச் சுரண்டி எடுத்தார். இன்னொரு கரண்டி மாவு ஊற்றினார். முடக்கத்தான் அரைத்த பச்சை மாவு.

"பாத்துட்டும் தோசையைக் கன்னுக்குட்டிக்குப் போட்டீராக்கும்?"

"உமக்கு எப்படித் தெரியும்?"

"அது ஓடுத ஓட்டத்தைப் பாத்தாத் தெரியலையாவே? அதுக்கு இந்த ஜென்மத்தில முழங்கால் வலி வராது."

குற்றாலலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சிரித்த முகத்தை மறைக்கத் திரைப் பக்கம் குனிந்து, அந்தப் பொத்தானை அமுக்கினார். விளக்கு அணைந்தது.

"நல்ல நேரம் வேணும்னா காலண்டர் வாங்கித் தாறேன்" என்றார்.

"அதில ரம்மிக்காரி வரமாட்டாளே."

"வரமாட்டா. உக்காரட்டுமா?"

"உக்காரும். தோசை ஆறினாக் கசக்கும்."

அவர் அடுக்களைத் தரையிலேயே உட்கார்ந்து இரண்டு தோசை சாப்பிட்டார். கசப்பு அவ்வளவாக இல்லை. சீரகம் வறுத்துப் போட்டிருந்தது. கை கழுவும்போது, "அன்னைக்கு ரசத்தில உப்பு கூடத்தான்" என்றார்.

"கூடத்தான்" என்றார் கோமதிநாயகம். "எனக்கு அன்னைக்கே தெரியும்."

சாயங்காலம் வரை அலுவலகக் கம்ப்யூட்டரில் விளக்கு திரும்ப வரவில்லை. குற்றாலலிங்கம் மழையைக் கேட்டார். பூசணிக்காயைக் கேட்டார். திருவாசகத்தைக் கேட்டார். ஒவ்வொன்றும் அதனதன் இடத்துக்குப் போனது. சங்கரன்கோவில் குடும்பத்துக்குப் போன் செய்து, அந்தத் தாயிடம் தானே பேசினார்.

பிறகு அம்மையிடம் போனார். அம்மை தொழுவத்தில்தான் இருந்தார். ரெக்சின் பை ஆணியில் தொங்கியது.

"பையைக் குடுங்க அம்மை."

அம்மை நிமிர்ந்து பார்த்தார்.

"மாத்து வேட்டி அதுக்குள்ள இருக்கு. குளிக்கணும்."

அம்மை பையை எடுத்துக் கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்டு இரண்டு எட்டு நடந்து, திரும்பி வந்தார்.

"ரெண்டு இடத்திலயும் எடுத்துட்டேன். ஆனாலும் ஒரு பயம் இருக்கு அம்மை. வேற பேரில, வேற படத்தோட திரும்ப வந்துட்டா என்ன செய்ய?"

"வரும்" என்றார் அம்மை.

கன்றுக்குட்டி அவர் கையை நக்கியது. அதன் காதை மெல்ல விரித்து உள்ளே பார்த்தபடியே சொன்னார்.

"சேர்க்கவான்னு உங்ககிட்ட ஒரு தடவை கேட்டுட்டுத்தானே வரும் அண்ணாச்சி?"